கணினி எழுதும் தமிழ்ச் சிட்டை

கடைக்காரர் ஒருவர் சிட்டைப் புத்தகத்தை விரித்துப் பென்சிலைக் கையில் எடுக்கும்போது, அவர் எழுதப் புகுவது வெறுங் கணக்கன்று. இன்ன பொருளை, இன்ன அளவில், இன்ன விலைக்கு, இன்னாருக்கு, இன்ன நாளிற் கொடுத்தோம் என்னும் உறுதிமொழியையே அவர் எழுதுகின்றார். மேற்றாள் வாங்குபவருடன் போகின்றது. காபன் தாளின் கீழே பதிந்த நகல் கடையிலே தங்குகின்றது. ஆறு மாதங் கழித்து ஐயம் ஒன்று எழுந்தால், அவ்விரு தாள்களும் ஒரே சொல்லைச் சொல்லுதல் வேண்டும். வணிகத்தில் நம்பிக்கை என்று நாம் கூறுவது பெரும்பாலும் இந்தச் சிறு தாளையே பற்றி நிற்கின்றது.

இன்று அத்தாளைக் கணினி எழுதுகின்றது. கணினி எழுதுவதிற் பிழை நேராது என்று நம்புவோர் பலர். யாமும் ஏறக்குறைய அவ்வாறே நம்பியிருந்தோம். அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை எமக்கு உணர்த்தியவர், சில ஆண்டுகளுக்கு முன்னர் எம்மிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர்.

மாணவர் கொண்டுவந்த தாள்

அவருடைய தந்தையார் மொத்த வியாபாரஞ் செய்யும் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். சுற்றுக் கிராமங்களிலுள்ள சிறு கடைக்காரர்கள் அவரிடமே சரக்கு எடுப்பர். நாளொன்றுக்குப் பல சிட்டைகள் எழுதவேண்டியிருந்தமையால், கணினி கற்ற மகன் அவ்வேலையை இலகுவாக்க எண்ணினார். பொருள்களின் பெயரையும் அளவையும் திரையிற் குறித்தவுடன் விலைச்சிட்டை தானே உருவாகி, அச்சிடவும் கைத்தொலைபேசிக்கு அனுப்பவும் தக்க கோப்பாக வெளிவருமாறு செய்நிரல் ஒன்றை எழுதினார். அவ்வாறு வெளிவந்த முதலாவது தாளைத்தான் ஒரு மாலை எம்மிடங் கொண்டுவந்து காட்டினார்.

"சேர், கணக்கெல்லாம் சரியாய் வருது. எழுத்துத்தான் குழம்பிப்போச்சு. அப்பா பார்த்திட்டு, உந்தக் கரைச்சல் வேண்டாம், இங்கிலீசிலை அடி எண்டு சொல்லிப்போட்டார்," என்றார்.

தாளை வாங்கிப் பார்த்தோம். வெங்காயம், வெந்தயம், கொத்தமல்லி, பெருஞ்சீரகம், கோதுமை மா என்று இருக்கவேண்டிய இடங்களில் எழுத்துக்கள் சிதறிக் கிடந்தன. வாங்குபவருடைய பெயரும் அவ்வாறே. தந்தையார் கூறியவாறு ஆங்கிலத்தில் அச்சிட்டால் தொல்லை தீரும் என்பது உண்மையே. ஆனால் அச்சிட்டையைப் பெறும் கிராமத்துக் கடைக்காரர், தாம் வாங்கிய பொருளின் பெயரைத் தாமே வாசித்துச் சரிபார்க்க இயலாதவராவார். வாசிக்க முடியாத சிட்டையைப் பெறுபவர் அதனை நம்பித்தான் ஆகவேண்டும், சோதிக்க முடியாது. அது சிட்டையின் பயனையே கெடுப்பதாகும் என்று எமக்குத் தோன்றியது. ஆகவே, பிழை எங்கே என்று பார்த்துவிடுவோம் என்று இருவருமாக அமர்ந்தோம்.

கோப்பு உருவாகும் முறை

பிழையை அறிவதற்கு முன்னர், கோப்பு உருவாகும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். மாணவர் எமக்கு விளக்கியதை யாம் இங்கே சுருக்கிக் கூறுகின்றோம்.

விலைச்சிட்டைகள் இக்காலத்திற் பெரும்பாலும் பீ.டீ.எவ். என்னும் அமைப்பிலேயே அனுப்பப்படுகின்றன. எங்குங் கொண்டுசெல்லத்தக்க ஆவண அமைப்பு என்பது அப்பெயரின் பொருள். அமெரிக்காவிலுள்ள அடோபி நிறுவனம் 1993 இல் இதனை வெளியிட்டது. 2008 இல் இது சர்வதேச நியமமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. எந்தக் கணினியில் திறந்தாலும், எந்தப் பொறியில் அச்சிட்டாலும், தாள் ஒரே தோற்றத்தில் இருத்தல் வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

ஜாவாஸ்கிரிப்ட் என்பது 1995 இல் பிரெண்டன் ஐக் என்பவர் நெற்ஸ்கேப் நிறுவனத்திற்காகப் பத்தே நாள்களில் முதல் வடிவம் அமைத்த கணினி மொழி. இணைய உலாவிகளை இயக்குவதற்குப் பிறந்த இம்மொழியிலே, பீ.டீ.எவ். கோப்புக்களை ஆக்கும் ஆயத்த நிரற்றொகுதிகள் பல உள்ளன. இவற்றை நூலகங்கள் என்பர். ஜே.எஸ்.பீ.டீ.எவ்., பீ.டீ.எவ்.கிட், பீ.டீ.எவ்.மேக் என்பன அவற்றுட் சில. ஒருவர் முன்னரே எழுதிவைத்த கட்டளைகளை மற்றவர் எடுத்தாளுவதே நூலகத்தின் பயன்.

செய்நிரல் எழுதுபவர் நூலகத்துக்கு இடுங் கட்டளைகள் எளியவை. இந்த எழுத்துருவை எடு, இந்த இடத்துக்குப் போ, இச்சொல்லை எழுது, இங்கிருந்து அங்கே கோடு கீறு, அடுத்த தாளுக்குச் செல். இடத்தைக் குறிப்பது வரைபுத்தாளிற் புள்ளி குறிப்பது போன்றது. பீ.டீ.எவ். அமைப்பில் தாளின் கீழ் இடது மூலையே தொடக்கப் புள்ளி. ஓர் அங்குலம் 72 அலகுகளாகும். வழக்கமான ஏ-4 தாள் ஏறக்குறைய 595 அலகு அகலமும் 842 அலகு உயரமும் உடையது. சில நூலகங்கள் எழுதுபவரின் வசதிக்காகத் தொடக்கப் புள்ளியை மேல் இடது மூலைக்கு மாற்றித் தருகின்றன. இதனை அறியாது எழுதினால், கடையின் பெயர் தாளின் அடியிலும் மொத்தத் தொகை உச்சியிலும் போய் நிற்கும்.

தொகைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதும்போது சதங்கள் ஒரே நேர்கோட்டில் நிற்றல் வேண்டுமல்லவா? கையால் எழுதும் கணக்கப்பிள்ளை இதனைச் சிந்தியாமலே செய்வார். கணினிக்கோ, ஒவ்வொரு தொகையின் அகலத்தையும் அளந்து, வலப்புற எல்லையிலிருந்து அவ்வளவு தள்ளி எழுதும்படி கூறவேண்டும். பொருள்கள் மிகுந்து தாள் நிறைந்தால், அடுத்த தாளைத் தொடங்கித் தலைப்பை மீண்டும் இடவும், மொத்தம் மாத்திரம் தனித்து மறுதாளிற் போய் விழாதிருக்கவும் கூறவேண்டும். கூறியதைச் செய்வது கணினி. கூறாததை அது ஒருபோதுஞ் செய்யாது. சில நூலகங்கள் இவற்றுட் சிலவற்றைத் தாமே கவனிக்கின்றன; ஏனையவற்றை எழுதுபவரே கவனிக்கவேண்டும்.

பிழையிலும் ஒரு விதி

இனி எழுத்துக்கு வருவோம். பீ.டீ.எவ். அமைப்பில் தொடக்கந் தொட்டே நியமமாக வகுக்கப்பட்ட எழுத்துருக்கள் 14. அவற்றுள் ஒன்றேனும் தமிழ் எழுத்துருவன்று. ஆதலால் தமிழ் எழுத்துரு ஒன்றைக் கோப்பினுள்ளே பதித்தல் வேண்டும். மாணவர் இதனை அறிந்திருந்தார். எவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய நோட்டோ சான்ஸ் தமிழ் என்னும் எழுத்துருவைப் பதித்துமிருந்தார். ஆகவேதான் தாளில் வெற்றுக் கட்டங்கள் தோன்றாது தமிழ் எழுத்துக்களே தோன்றின. ஆயினும் அவை இடம் மாறித் தோன்றின.

நாடோறும் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்துபவர்க்கு ஒரு பழக்கம் உண்டு. பிழையைக் கண்டவுடன், அது ஒருமுறை நேர்ந்ததா, ஒவ்வொருமுறையும் நேர்கின்றதா என்று பார்ப்போம். செம்மைப் பேனாவை எடுத்து இடம் மாறிய குறிகளை வட்டமிட்டோம். வெந்தயத்திலே கொம்பானது வகரத்தின் முன் நில்லாது, அதனைக் கடந்து நகரத்தின் முன் நின்றது. கொத்தமல்லியிலே கொம்பும் அரவும் ககரத்தின் இருமருங்கும் நில்லாமல், இரண்டும் ஒருங்கே அதன் பின்னால் நின்றன. கோதுமையின் இரட்டைக் கொம்பும் மகரத்துக்குரிய ஐகாரக் குறியும் அவ்வாறே. இடப்புறம் எழுதப்படுங் குறிகள் யாவும் ஓரெழுத்துப் பிந்தியிருந்தன. பிழையிலும் ஒரு விதி இருந்தது!

அவ்விதியின் காரணம் தமிழ் இலக்கணத்திலேயே உள்ளது. உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னுமாக வரும் என்பது தொல்காப்பியர் காலந்தொட்டு இலக்கணிகள் கண்ட உண்மை. கணினிகள் தமிழைச் சேமிக்கும் முறையும் இதனையே தழுவியது. ஒருங்குறி எனப்படும் உலகப் பொது எழுத்துக் குறியீட்டில் 1991 இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதில் வகரத்துக்கு உரிய எண் 2997. கொம்புக்கு உரிய எண் 3014. 'வெ' என்னும் எழுத்தை நாம் கொம்பு முன்னும் வகரம் பின்னுமாக எழுதுகின்றோம். கணினியோ முதலில் 2997 ஐயும் அடுத்து 3014 ஐயும் வைக்கின்றது. 'கொ' என்பதில் கொம்பும் அரவுமாகிய இரு பாதியும் சேர்ந்து 3018 என்னும் ஒரே எண்ணைப் பெற்று, ககரத்தின் பின்னே வருகின்றன. சுருங்கக் கூறின், கணினி தமிழைச் செவியின் முறைப்படி சேமிக்கின்றது. நாம் கண்ணின் முறைப்படி வாசிக்கின்றோம்.

இவ்விரண்டுக்கும் இடையே, செவி முறையைக் கண் முறையாக மாற்றித் தரும் எழுத்தன் ஒருவன் வேண்டும். கொம்பை முன்னே கொணர்வதும், ககரமும் உகரக் குறியும் சேருமிடத்துத் தனித்தனியே எழுதாது 'கு' என ஓருருவாக எழுதுவதும் அவன் தொழில். அதற்குரிய விதிகள் எழுத்துருக் கோப்பினுள்ளே அட்டவணைகளாக எழுதப்பட்டிருக்கின்றன. குரோம், பயர்பொக்ஸ் முதலிய உலாவிகளில் அவ்விதிகளைப் படித்து எழுத்துக்களைக் கோத்துத் தரும் மென்பொருளுக்கு ஹார்ஃப்பஸ் என்று பெயர். திறந்த எழுத்து என்னும் பொருள்தரும் பாரசீகச் சொற்களால் ஆனது அப்பெயர். உலாவித் திரையில் தமிழ் ஒழுங்காகத் தோன்றுவது இத்தகைய எழுத்தனின் உழைப்பினாலேயே. பீ.டீ.எவ். ஆக்கும் நூலகங்கள் எல்லாவற்றிலும் இவ்வெழுத்தன் இல்லை. இல்லாதவை எண்கள் வந்த வரிசையிலேயே உருவங்களை அடுக்கிவிடுகின்றன. ஆங்கிலத்துக்கு அது போதும், தமிழுக்குப் போதாது.

இரு குறுக்கு வழிகள்

இதற்குக் குறுக்கு வழிகள் இரண்டு உள. மாணவர் இரண்டையும் சிந்தித்தார். ஒன்று, பாமினி போன்ற பழைய எழுத்துருவைக் கையாளுதல். அவ்வகை எழுத்துருக்களில், தட்டெழுத்துப் பொறியிற் போலக் கொம்பை முதலில் அடித்துப் பின்னர் மெய்யை அடிப்பர். ஆகவே எழுத்தன் இன்றியும் தாளில் தமிழ் சரியாகத் தோன்றும். ஆனால் கோப்பினுள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துக்கள். தமிழ் அவற்றின்மேற் போர்த்த போர்வையே. ஒரு பொருளின் பெயரைத் தமிழில் இட்டுத் தேடினால் அகப்படாது.

மற்றையது, திரையில் ஒழுங்காகத் தோன்றுவதைப் படம் பிடித்து அப்படத்தைத் தாளில் ஒட்டுதல். இதிலும் தேடல் இயலாது; கோப்பின் பருமனும் பெருகும்; பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்தின் ஓரங்கள் மங்கும். ஆயிரஞ் சிட்டைகளுள் ஒருவருடைய சிட்டையைத் தேடி எடுக்க முடியாவிடின், கணினியாற் பெற்ற பயன் யாது?

நேர்வழியும் இருந்தது. எழுத்துருவின் விதிகளைப் படிக்கவல்ல நூலகத்தைத் தேர்ந்து, ஒவ்வோர் உயிர்மெய்யையும் அச்சிட்டுச் சோதித்துக் கொள்ளலாம். அல்லது சிட்டையை ஓர் இணையப் பக்கமாக எழுதி, உலாவியைக் கொண்டே பீ.டீ.எவ். ஆக்குவிக்கலாம். பப்பெட்டியர் என்னும் நூலகம் இதற்கு உதவுகின்றது. பொம்மலாட்டக்காரன் என்பது அதன் பொருள். கூகிள் நிறுவனம் 2017 இல் வெளியிட்ட இந்நூலகம், திரை தோன்றாமலே குரோம் உலாவியை மறைவில் நின்று ஆட்டுவிக்கின்றது. உலாவியினுள்ளே எழுத்தன் ஏலவே இருப்பதனால், கொம்புகள் தத்தம் இடத்துக்கு வந்துவிடுகின்றன. முழு உலாவியையும் இயக்கவேண்டியிருப்பதால் நேரமும் நினைவகமும் மிகுதியாகச் செலவாகும் என்பதே இதன் குறை. கடையின் வேலைக்கு அது பொருட்டன்று என்று கண்டு, மாணவர் இவ்வழியையே மேற்கொண்டார்.

ஒரு சதம்

இரண்டாந் தாளில் எழுத்துக்கள் யாவும் செம்மையாக இருந்தன. மாணவர் மகிழ்ச்சியோடு தந்தையாரிடங் காட்டினார். அவர் எழுத்தை ஒருமுறை பார்த்துத் தலையசைத்துவிட்டுக் காதிற் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கழிவுத் தொகைகளைக் கூட்டத் தொடங்கினாராம். கூட்டி முடித்ததும், "ஒரு சதம் உதைக்குது," என்றாராம்.

அஃது எவ்வாறு நேர்ந்தது? கடையில் நூற்றுக்கு 5 கழிவு கொடுப்பது வழக்கம். ஒவ்வொன்றும் 1,250 ரூபா 10 சதம் விலையுள்ள மூன்று பொருள்கள் எனக் கொள்வோம். ஒவ்வொன்றுக்குமுரிய கழிவு 62 ரூபா 50 சதமும் அரைச் சதமும் ஆகும். அரையை மேலே மட்டந்தட்டினால் 62 ரூபா 51 சதம். மூன்றுக்கும் 187 ரூபா 53 சதம். ஆனால் மூன்றின் மொத்த விலையாகிய 3,750 ரூபா 30 சதத்துக்கு ஒருமிக்கக் கழிவு கண்டு மட்டந்தட்டினால், 187 ரூபா 52 சதமே வரும். செய்நிரலானது வரிகளில் முதல் முறையையும் அடியில் இரண்டாம் முறையையும் கையாண்டிருந்தது. இரண்டும் தனித்தனியே சரியான முறைகள். ஒரே தாளில் இரண்டும் வந்தமையே பிழை.

"ஒரு சதந்தானே அப்பா," என்று மகன் கூறியதற்குத் தந்தையார் அளித்த விடையை மாணவர் எமக்கு அவ்வாறே ஒப்புவித்தார்: "தம்பி, ஒரு சதத்திலை பிழைவிட்ட கடை ஆயிரத்திலை பிழைவிடாதோ எண்டு வாங்கிறவன் யோசிப்பான்."

கணக்கை ஆராயப் புகுந்தபோது வேறோர் இடர் இருந்ததையும் மாணவர் கண்டார். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 0.1 உடன் 0.2 ஐக் கூட்டினால் விடை 0.3 அன்று, 0.30000000000000004 ஆகும். 1.005 ஐ இரண்டு தசமதானத்துக்கு மட்டந்தட்டும்படி அம்மொழியின் வழக்கமான கட்டளையை இட்டால், 1.01 வராது 1.00 வரும். இது கணினியின் மடமையன்று. மூன்றில் ஒன்றைத் தசம முறையில் எழுதப் புகுந்தால் 0.333 என முடிவின்றி நீள்வதை மாணவர் அறிவர். கணினி எண்களை இரண்டின் அடியில் எழுதுகின்றது. அம்முறையில் பத்தில் ஒன்றும் அவ்வாறே முடிவின்றி நீளும். ஓரிடத்தில் வெட்டித்தான் ஆகவேண்டும். வெட்டிய துணுக்கே இறுதியிற் சதமாக வந்து உதைக்கின்றது.

இதற்குப் பரிகாரம் பழைய கணக்கப்பிள்ளைமார் அறிந்ததே. ரூபாவிற் கணக்கிடாது, எல்லாவற்றையும் சதமாக்கி முழு எண்களாற் கணக்கிடுதல். கழிவு கண்டு மட்டந்தட்டும் ஓரிடத்தில் மாத்திரம் விதியை வகுத்துக்கொண்டு, அச்சிடும்போது மட்டும் ரூபாவாகப் பிரித்துக் காட்டலாம். ஜாவாஸ்கிரிப்ட் 9007199254740991 வரையுள்ள முழு எண்களைப் பிழையின்றிக் கையாளும். அவ்வளவு சதம் ஏறக்குறைய தொண்ணூறு இலட்சம் கோடி ரூபாவாகும். எந்தப் பலசரக்குக் கடைக்கும் அது போதும்!

நாளும் இலக்கமும்

மற்றுமொன்று கூறவேண்டும். வரி அறவிடும் வணிகர்கள் வரியின் வீதத்தைச் செய்நிரலில் ஒரே எண்ணாகப் பொறித்து விடுதல் ஆகாது. இலங்கையில் பெறுமதி சேர் வரி 2022 ஆம் ஆண்டில் மாத்திரம் இருமுறை உயர்ந்தது: ஜூன் மாதத்தில் 12 வீதமும், செப்டெம்பரில் 15 வீதமும் ஆயிற்று. 2024 ஜனவரியில் அது 18 வீதமாக்கப்பட்டது. செய்நிரலிலுள்ள ஓர் எண்ணை மாற்றிவிட்டு 2022 ஆம் ஆண்டுச் சிட்டை ஒன்றை மீண்டும் ஆக்கினால், அது பழைய நாளையும் புதிய வரியையும் தாங்கிப் பொய்ச் சிட்டையாகிவிடும். அவ்வந் நாளில் இருந்த வீதமும் விலையும் அவ்வச் சிட்டையோடு சேர்த்தே சேமிக்கப்படல் வேண்டும்.

சிட்டையின் இலக்கமும் அத்தகையதே. அச்சிட்ட புத்தகத்தில் இலக்கங்கள் வரிசையாக உள்ளன. ஒரு தாளைக் கிழித்தால் இடைவெளி காட்டிக் கொடுக்கும். கணினியிலும் இலக்கம் ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டும். ஓரிலக்கம் இருமுறை வரலாகாது. நீக்கிய சிட்டையும் நீக்கப்பட்டது என்னும் குறிப்போடு ஏட்டில் இருத்தல் வேண்டும். காபன் தாள் செய்த காவலை இப்பொழுது செய்நிரல் செய்யவேண்டியிருக்கின்றது.

மூன்றாந் தாள்

மூன்றாவது தாளைத் தந்தையார் பென்சில் கொண்டு கூட்டினார், சரியாக வந்தது. மறுநாள் தீவுப் பகுதியிலிருந்து வந்த முதியவர் ஒருவருக்குக் கணினிச் சிட்டையே கொடுக்கப்பட்டது. அவர் மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு, வெங்காயம், வெந்தயம், கொத்தமல்லி என ஒவ்வொரு பெயராக வாய்விட்டு வாசித்து, மூட்டைகளைப் பார்த்துச் சரிபிடித்தார். பின்னர் ஒன்றுங் கூறாது தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டார்.

"ஒண்டுமே சொல்லேல்லை சேர்," என்று மாணவர் சிறிது ஏமாற்றத்துடன் கூறினார்.

யாம் அவருக்குக் கூறிய விடையையே இக்கட்டுரையை வாசிக்கும் மாணவர்க்குங் கூறுகின்றோம். சிட்டை எழுதுபவர் பெறக்கூடிய புகழ் அதுவே. எழுத்தில் ஐயமிருந்தால் அம்முதியவர் கேட்டிருப்பார். தொகையில் ஐயமிருந்தாற் புறப்பட்டிருக்கமாட்டார். தமது மொழியில் தாமே வாசித்துத் தாமே கணக்குப் பார்த்து, கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று கண்டு அவர் போனார். அந்த மௌனத்தைப் பெறுவதற்கு அம்மாணவர் மூன்று தாள்களை எழுதவேண்டியிருந்தது.